ஓரத்தில் ஒண்டுவது பாதுகாப்பல்ல: கடற்கரைச் சாலையில் சைக்கிளுக்கான இடம் எது?

சனி, ஞாயிறு விடிகாலைகளில் அக்கரைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிவப்பு விளக்குகள் சிமிட்டியபடி சைக்கிள்கள் போய்க்கொண்டே இருக்கும். அடையாறு, திருவான்மியூர் பக்கமிருந்து கிளம்பி, முட்டுக்காடு பாலம், கோவளம், வடநெம்மேலி முதலைப் பண்ணை தாண்டி மாமல்லபுரம் போய், வெயில் ஏறுமுன் வீடு திரும்புகிறவர்கள் இவர்கள். மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற 2021-இல் இதே சாலையில் சைக்கிள் ஓட்டிய படங்கள் பத்திரிகைகளில் வந்தன. முன்னாள் டி.ஜி.பி. சைலேந்திர பாபுவும் சைக்கிள் ஆர்வலராகத் தமிழ்நாடறிந்தவர்.

வார நாட்களில் இந்தச் சாலையின் சைக்கிள்கள் வேறு. ரிசார்ட்டுகளில் துப்புரவு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகிறவர்கள், கேரியரில் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிக்கொண்டு போகும் கொத்தனார்கள், மீன் கூடையோடு வரும் பெரியவர்கள், அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள். இவர்களில் பலருக்கு ஹெல்மெட் இல்லை, பின்விளக்கு இல்லை. பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர் மழை பெய்தால் வீட்டில் இருந்துவிடலாம். இவர்கள் எந்த நாளிலும் போயாக வேண்டும். சாலைப் பாதுகாப்பைப் பேசும்போது முதலில் மனதில் நிற்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

இரு சாராருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: “ஓரமாப் போப்பா.” சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பல தடங்கள் கொண்ட சாலையில் அது பாதி உண்மை மட்டுமே.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இது புரியும். நம் நெடுஞ்சாலைகளில் ஒரு தடத்தின் வழக்கமான அகலம் மூன்றரை மீட்டர். ஒரு பேருந்தோ லாரியோ சட்டப்படி 2.6 மீட்டர் வரை அகலம் இருக்கலாம். மிச்சம் 90 சென்டிமீட்டர். சைக்கிளின் ஹேண்டில்பாரே அறுபது சென்டிமீட்டர் அளவுக்கு வரும். பெடல் மிதிக்கும்போது உடல் இயல்பாக ஆடுவதையும் சேர்த்தால் சைக்கிளுக்கு ஒரு மீட்டராவது வேண்டும். ஆக, ஒரே தடத்துக்குள் பேருந்தும் சைக்கிளும் பக்கத்துப் பக்கத்தில் போகவே முடியாது. சைக்கிள்காரர் எவ்வளவு ஒடுங்கிக்கொண்டாலும் பேருந்து பாதுகாப்பாகக் கடக்க வேண்டுமானால் அடுத்த தடத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தார்ச்சாலையின் விளிம்பை ஒட்டிச் சைக்கிள் போனால், பின்னால் வரும் ஓட்டுநர் இடம் இருப்பதாக நினைக்கிறார். ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் அதே தடத்தில் உரசிக்கொண்டு கடக்கிறார். அதே சைக்கிள் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, நேர்கோட்டில் போனால், இப்படியே போனால் இடிக்கும் என்பது தொலைவிலேயே தெரிந்துவிடும். வலப்பக்கத் தடம் காலியா என்று அவர் பார்க்கத் தொடங்குவார். அந்த ஒரு மீட்டருக்கு இன்னொரு பயனும் உண்டு. திடீரென்று பள்ளமோ நாயோ எதிர்ப்பட்டால் இடப்பக்கம் ஒதுங்க இடம் இருக்கும். விளிம்பிலேயே ஓட்டுகிறவருக்கு ஒதுங்க இருக்கும் ஒரே திசை வலப்பக்கம். அங்கேதான் லாரி வருகிறது.

ஜான் பிராங்க்ளின் என்ற ஆங்கிலேயர் 1988-இல் வெளியிட்ட ‘சைக்கிள்கிராப்ட்’ என்ற நூல் இதை முறையாக விளக்கியது. சைக்கிளோட்டிக்குச் சாலையில் இரண்டு நிலைகள் உண்டு என்றார் அவர். ஒன்று தடத்தின் நடு. மற்றொன்று போக்குவரத்து ஓட்டத்துக்கு இடப்பக்கமாகச் சற்று விலகிய நிலை; அதிலும் விளிம்பிலிருந்து அரை மீட்டருக்குக் குறையக் கூடாது. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பும் இதே போக்கில் பேசுகிறது. அமைதியான தெருக்களிலும் சந்திப்புகளை நெருங்கும்போதும் தடத்தின் நடுவில் ஓட்டலாம். வாகனங்கள் வேகமாக ஓடும் சாலையில் விளிம்பிலிருந்து அரை மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். கடக்கும் காருக்கும் சைக்கிளுக்கும் இடையே ஒன்றரை மீட்டராவது இடைவெளி வேண்டும். அங்கும் நம்மைப் போல இடப்பக்கப் போக்குவரத்துதான் என்பதால் அந்த அளவுகளை நம் சாலையில் அப்படியே நினைத்துப் பார்க்கலாம்.

அளவுகளைத்தான் எடுத்துக்கொள்ளலாம். தடத்தின் நடுவில் ஓட்டும் துணிச்சலை நீலாங்கரைக்குத் தெற்கே எடுத்துச் செல்லக் கூடாது. காரணம் வேக வித்தியாசம். இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளை எண்பதில் வரும் கார் நெருங்கினால், அவற்றுக்கிடையிலான தூரம் நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டராகக் குறையும். நூறு மீட்டர் இடைவெளி ஆறு நொடியில் தீர்ந்துவிடும். ஓட்டுநர் அதில் மூன்று நொடி கைபேசியைப் பார்த்தால் ஐம்பது மீட்டர் போய்விட்டது. ஞாயிறு அதிகாலையில் இந்த ஆபத்து கூடுதல். முந்தைய இரவுக் கொண்டாட்டம் முடிந்து, தூக்கமோ போதையோ கலையாமல் திரும்பும் கார்களும் அதே நேரத்தில் அதே சாலையில்தான் வருகின்றன.

2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்தது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. மோதல் வகைகளில் பின்னாலிருந்து இடிப்பதே அதிகம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 2024 பிப்ரவரி 28 அன்று நவி மும்பையின் பாம் பீச் சாலையில், இன்டெல் நிறுவனத்தின் இந்தியத் தலைவராக இருந்த அவதார் சைனி விடிகாலையில் நண்பர்களோடு சைக்கிளில் போனபோது, பின்னால் வந்த வாடகைக் கார் மோதி இறந்தார். வயது 68. அனுபவமுள்ளவர், துணைக்கு ஆட்களும் இருந்தார்கள். அப்படியும் இது நடந்தது.

அதனால் கடற்கரைச் சாலையின் நேரான பகுதிகளில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தார் போட்ட ஓரப் பட்டை இருக்குமானால், அதுவே சைக்கிளுக்கு உரிய இடம். அதிலும் மண்ணோரத்தில் தொங்காமல், பட்டையின் நடுவில். ஓரப் பட்டை இல்லாத இடத்தில் இடத் தடத்துக்குள், விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உள்ளே. வலத் தடம் எக்காரணத்துக்கும் ஆகாது.

சொல்வதற்கு எளிது. நடப்பில் அந்த ஓரப் பட்டை ஒரே சீராகக் கிடைப்பதில்லை. கோவளம் பக்கம் காற்று கொண்டுவந்து கொட்டும் மணல் மெல்லிய டயரை வழுக்கிவிடும். இளநீர்க் கடை, மீன் கடைகளின் முன்னால் கார்கள் நிற்கும். யூ-டர்ன் வரை போகச் சோம்பி எதிர்த்திசையில் வரும் பைக்குகளும் இதே பட்டையில்தான் வருகின்றன. இவற்றைத் தவிர்க்கக் கடைசி நொடியில் சட்டென்று தடத்துக்குள் நுழைவதுதான் மிக ஆபத்தான செயல். நிற்கும் கார் நூறடிக்கு முன்பே தெரியும். அப்போதே திரும்பிப் பின்னால் பார்த்து, வலது கையை நீட்டி, மெதுவாக உள்ளே வந்து, காரின் கதவு திறந்தால் படாத அளவுக்கு ஒரு மீட்டர் தள்ளிக் கடக்க வேண்டும். இரண்டு, மூன்று கார்கள் விட்டுவிட்டு நின்றால் நடுவிலுள்ள காலியிடங்களில் புகுந்து புகுந்து வரக் கூடாது. எல்லாவற்றையும் தாண்டும் வரை அதே கோட்டில் போக வேண்டும். ஒளிந்து ஒளிந்து வெளிப்படும் சைக்கிளை எந்த ஓட்டுநராலும் கணிக்க முடியாது.

காற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தெற்கு நோக்கிப் போகும்போது கடல் இடப்பக்கம். முற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால், முட்டுக்காடு பாலம் மாதிரித் திறந்த இடங்களில் அது சைக்கிளை வலப்பக்கம், அதாவது வண்டிகள் ஓடும் தடத்தை நோக்கித் தள்ளும். பெரிய பேருந்து பக்கத்தில் கடக்கும்போது அது கிளப்பும் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஹேண்டில்பாரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் குடிப்பது போன்றவற்றைப் பாலம் தாண்டிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

நேர்ச்சாலையை விடச் சந்திப்புகளில்தான் சைக்கிள் இருக்கும் இடம் அதிகம் முக்கியமாகிறது. மாமல்லபுரத்தை நெருங்கும்போது ஊருக்குள் போகும் சாலை இடப்பக்கம் பிரிகிறது; புதுச்சேரி போகும் வண்டிகள் புறவழியில் தொடர்கின்றன. நேராகப் போக வேண்டிய சைக்கிள் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தால், ஊருக்குள் திரும்பும் கார் அதன் முன்சக்கரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். இந்த இடத்தில் ஓரம் பாதுகாப்பல்ல. பிரிவுக்கு வெகு முன்பே பின்னால் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் இடத் தடத்தின் நடுவுக்கு வந்துவிட வேண்டும். இடைவெளி கிடைக்கவில்லையா, வீம்பு வேண்டாம். இடப்பக்கச் சாலையில் கொஞ்சம் உள்ளே போய் நின்று, சாலை காலியானதும் தள்ளிக்கொண்டு கடக்கலாம். பழைய மாமல்லபுரம் சாலையும் திருக்கழுக்குன்றம் சாலையும் வந்து சேரும் பூஞ்சேரியிலும் இதுவே வழி. நான்கு வழிச் சாலையில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர், வேகத் தடத்தைக் குறுக்கே கடந்து நடுத்தடுப்பு இடைவெளியில் காத்து நிற்பதை விட, இறங்கி நடந்து கடப்பது எத்தனையோ மேல். அதனால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது.

பேருந்து நிறுத்தங்களுக்கும் ஒரு வார்த்தை. முந்திக்கொண்டு போன பேருந்து உடனே ஓரம் கட்டினால், அதற்கும் மண்ணோரத்துக்கும் நடுவில் புகக் கூடாது. பயணிகள் இறங்கும் பக்கம் அது. பின்னால் நின்று காத்திருப்பதில் போவது அரை நிமிடம்.

செங்கல்பட்டு நோக்கிப் போகும் ஜி.எஸ்.டி. சாலையின் கதை வேறு. பெருங்களத்தூருக்குத் தெற்கே அது எட்டு வழியாக விரிந்திருக்கிறது. தென் மாவட்டப் பேருந்துகளும் மறைமலைநகர்த் தொழிற்சாலை லாரிகளும் ஓடும் அந்தப் பிரதான சாலையில் சைக்கிளுக்கு எந்தத் தடமும் பொருந்தாது. சர்வீஸ் ரோடு இருக்கும் இடமெல்லாம் அதையே பிடிக்க வேண்டும். மேம்பாலம் வந்தால் ஏறாமல் கீழே போக வேண்டும்.

கூட்டமாகப் போகிறவர்கள் இருவர் இருவராகப் பேசிக்கொண்டு ஓட்டுவது இன்னொரு தகராறு. ஆளில்லாத கிராமச் சாலையில் அதில் தவறில்லை. நான்கு வழிச் சாலையில் ஒற்றை வரிசைதான் சரி. நெடுந்தூர ஓட்டங்களை நடத்தும் மெட்ராஸ் ரேண்டனர்ஸ் போன்ற அமைப்புகள் இரவு ஓட்டத்துக்கு முன், பின் விளக்குகளையும் ஒளி பிரதிபலிக்கும் மேலாடையையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. கொத்தனாருக்கும் மாணவிக்கும் அந்த மேலாடை கிடைப்பது எப்படி? விலையில்லாச் சைக்கிளோடு ஒரு பின்விளக்கையும் ஒளிப்பட்டையையும் அரசு சேர்த்துக் கொடுத்தால் பெரிய செலவு ஆகிவிடாது.

இதுவரை சொன்னவை எல்லாம் சைக்கிளோட்டியின் தலையில் ஏற்றிய பொறுப்புகள். அது நியாயமான பங்கீடு அல்ல. வாகனங்கள் வேகமாக ஓடும் சாலையில் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட வேண்டும், தனிப்பாதை இல்லாத இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை நெதர்லாந்து பல பத்தாண்டுகளாகக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. ஆனால் மாநகராட்சியின் எல்லை உத்தண்டியோடு முடிகிறது. அதைத் தாண்டியதும்தான் சாலையில் வேகம் பிடிக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுச்சேரி வரை நான்கு வழியாக்கும் வேலையைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் எடுத்திருக்கிறது. தடங்களைக் கூட்டும்போதே ஒன்றரை மீட்டர் ஓரப் பட்டையை விடாமல் போடுவதும், மணலை வாரம் ஒருமுறை கூட்டுவதும், அதில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அபராதம் விதிப்பதும் அந்தந்தத் துறைகளால் செய்யக்கூடியவைதான்.

விபத்தைக் கண்டால் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்குப் பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். 108-ஐ அழைத்து உடனே அனுப்பலாம்.

காரோ பேருந்தோ ஓட்டும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் முன்னால் ஒரு சைக்கிளைக் கண்டால் ஹாரன் அடிக்காதீர்கள். ஹாரன் சத்தத்தில் திடுக்கிட்டுத் திரும்பும் சைக்கிள், திரும்பிய பக்கமே சாயும். வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் பார்த்து, ஒரு முழுத் தடம் வலப்பக்கம் மாறிக் கடந்து போங்கள். வலத் தடம் காலியாக இல்லையென்றால், காலியாகும் வரை பின்னாலேயே வாருங்கள்.