உங்களுக்குத் தெரியுமா? படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றலாம்!

டேஷ்கேம்கள் சில, வீடியோவை ‘டிஎஸ்’ கோப்பாகச் சேமிப்பதற்குக் காரணம் உண்டு. எம்பி4 கோப்பின் பொருளடக்கம் வழக்கமாகப் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். விபத்தில் மின்சாரம் அறுந்தால் கோப்பே திறக்காமல் போகலாம். டிஎஸ் என்பதோ 188 பைட் பொட்டலங்களின் வரிசை. அறுந்த இடம்வரை ஓடும். எடிட்டிங் மென்பொருள் அதை ஏற்காவிட்டால் பலர் வீடியோவையே மறுபடி சுருக்குகிறார்கள்; அதில் மங்குவது நம்பர் பிளேட் போன்ற நுண்விவரங்கள். உள்ளிருப்பது பெரும்பாலும் எம்பி4-உம் ஏற்கும் எச்.264 அல்லது எச்.265 முறையில் சுருக்கிய வீடியோ என்பதால், எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியால் உறையை, அதாவது வீடியோவைப் பொதிந்திருக்கும் கோப்பு வடிவத்தை, மட்டும் எம்பி4 ஆக்கினாலே போதும். தரம் துளியும் குறையாது. பழைய கணினியில் எச்.265 திணறுமே என்று கேட்கலாம். உண்மைதான், அப்போதும் எடிட்டிங்குக்கு இலேசான நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, மூலக் கோப்பை அப்படியே வைத்திருப்பதே நல்லது.