செத்த மாட்டில் வைத்த விஷம்

2025 ஜூன் 26. கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலைக் காட்டில், ஹூக்யம் சரகத்தில், ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. புலி அடித்த மாட்டின் சடலத்தில் யாரோ விஷம் வைத்திருந்தார்கள். மாட்டைப் பறிகொடுத்த ஆத்திரமே காரணம் என்றது விசாரணை, மூவர் கைதானார்கள். புலி தான் அடித்த இரையை ஒரே வேளையில் தின்று முடிக்காது. திரும்ப வரும், குட்டிகளையும் கூட்டி வரும். அப்படி வந்ததில் ஒரு குடும்பமே போயிற்று.

கிருஷ்ணகிரி அருகே குருபரப்பள்ளி சிப்காட்டில் ஷிப்ட் முடித்துத் திரும்புகிறவருக்கு இது தூரத்துச் சேதியாகத் தோன்றலாம். உண்மையில் அந்தக் காடு கிருஷ்ணகிரி மாவட்டம் வரை நீள்கிறது. அஞ்செட்டிப் பக்கத்துக் காவிரி வடக்குச் சரணாலயம், 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குச் சரணாலயம், அப்பால் மாதேஸ்வரன் மலை, அதையொட்டிச் சத்தியமங்கலம் என ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. தமிழ்நாட்டில் 2006-இல் 76 ஆக இருந்த புலிகள் 2022-இல் 306 ஆயின. வளர்ந்த இளம்புலி தனக்கென ஓர் இடம் தேடிப் புறப்பட்டால், போவதற்கு இத்தகைய தொடர்காடு வேண்டும்.

அந்த வழியில்தான் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியும் அவுட்டுக்காய் என்கிற நாட்டுவெடியும் கள்ள மின்வேலியும் இருக்கின்றன. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, வயலைச் சுற்றிய மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. புலி சிக்கினாலும் அதே கதிதான். நாட்டுத்துப்பாக்கியால் மானையும் பன்றியையும் சுட்டுத் தீர்த்தால், பசித்த புலி பட்டிக்குத்தான் வரும். காட்டுக்கறி வாங்குகிற ஓசூர்க்காரருக்கும் இதில் பங்குண்டு. புலிநகப் பதக்கமும் அப்படியே: 2023 அக்டோபரில் பெங்களூரில் தொலைக்காட்சிப் போட்டியாளர் ஒருவர் அதை அணிந்ததற்காகவே கைதானார். குற்றம் உறுதியானால் குறைந்தது மூன்றாண்டுச் சிறை.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது மாட்டுக்கான இழப்பீடு. கறவை மாடு போனால் ஒரு வீட்டின் மாத வருமானமே போகிறது. பணம் இழுத்தடிக்கப்படும்போது கை விஷத்தைத் தேடுகிறது. மாடு அடிபட்டதும் சடலத்தை நகர்த்தாமல் வனவருக்குச் சொல்லி, கால்நடை மருத்துவரின் சான்று பெற்று மனு கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அந்த மனுவை எழுதித் தரலாம். பணம் தாமதமானால் கிராம சபையில் தீர்மானம் போடலாம்.