3.9 மில்லிமீட்டர் துளைக்குள் ஒரு காடு

ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வந்து சேரும். அந்த மாதங்களில் இங்கே இரண்டு விதமான படங்கள் கைமாறும். ஒன்று செல்போனில் எடுத்தது. கொல்லையின் வேலிக்கல், அதற்கு அப்பால் யானை, அதற்கும் பின்னால் குன்று, எல்லாமே அதில் தெளிவாக இருக்கும். மற்றது பெரிய கேமராவில் எடுத்தது. யானையின் கண்ணோரச் சுருக்கத்தை எண்ணிவிடலாம். பின்னாலிருக்கும் மூங்கில் புதரோ பச்சையாகக் கரைந்து கிடக்கும்.

"பெரிய கேமராவில் பிக்சல் பெரிது, அதனால்தான் பின்னணி ப்ளர் ஆகிறது" என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அந்த வேலையைச் செய்வது லென்ஸின் துளை.

ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி, துளையின் அகலம் முழுவதையும் நிரப்பி உள்ளே நுழைந்து, கூம்புபோலக் குவிகிறது. கூம்பின் நுனி சென்சார்மேல் சரியாக விழுந்தால் புள்ளி புள்ளியாகவே பதியும். ஃபோகஸ் வைத்த தூரத்துக்கு முன்னோ பின்னோ இருக்கும் பொருளுக்கு அந்த நுனி சென்சாரில் விழாது. அப்போது புள்ளி ஒரு வட்டமாகப் பரவுகிறது. துளை அகலமானால் வட்டம் பெரிது, குறுகலானால் சிறிது. கண்ணுக்கு உறுத்தாத அளவுக்கு அந்த வட்டம் சிறிதாக இருக்கும் தூர எல்லையைத்தான் டெப்த் ஆஃப் ஃபீல்டு, அதாவது தெளிவின் ஆழம் என்கிறோம்.

சென்சாரின் பங்கு எங்கே? ஐபோனின் வெளி உறையைத் தயாரிக்கும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஓசூரை ஒட்டி இந்த வட்டாரத்திலேயே இருப்பதால், கணக்குக்கு ஐபோன் 14 ப்ரோவை எடுத்துக்கொள்வோம். அதன் முதன்மை சென்சார் சுமார் 9.8 மி.மீ. அகலம். ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் 36 மி.மீ. சென்சார் சிறிதானால், அதே காட்சியை அதில் அடக்க லென்ஸின் குவியத் தூரமும் குறைய வேண்டும். பெரிய கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சியைப் போனில் வெறும் 6.86 மி.மீ. லென்ஸ் காட்டிவிடுகிறது. குவியத் தூரத்தைத் துளையின் அகலத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். இரண்டிலும் அது ஏறக்குறைய 1.8தான். ஆனால் துளையின் அகலம் பெரிய கேமராவில் 13 மி.மீ.க்கு மேல், போனில் 3.9 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு.

இரண்டிலும் 2 மீட்டரில் நிற்பவர்மேல் ஃபோகஸ் வையுங்கள். பெரிய கேமராவில் சுமார் 1.7 முதல் 2.5 மீட்டர் வரைதான் தெளிவு. போனில் 1.2 முதல் 5.6 மீட்டர் வரை எல்லாம் தெளிவு. போனின் ஃபோகஸை 3 மீட்டரைச் சற்றுத் தாண்டி வைத்தாலோ, சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு கிடைத்துவிடும்.

இத்தனை கணக்கிலும் பிக்சல் வரவேயில்லை. ஃபுல் ஃப்ரேமில் 0.03 மி.மீ. வட்டம் வரை தெளிவு என்று ஏற்பது பழைய வழக்கம். 24 மெகாபிக்சல் சென்சாரில் அந்த வட்டம் 5 பிக்சல் அகலம். 61 மெகாபிக்சலில் 8 பிக்சல். ஒரே அளவில் அச்சிட்டுச் சுவரில் மாட்டினால் இரண்டு படங்களிலும் ஒரே தெளிவுதான். திரையில் பிக்சல் பிக்சலாகப் பெரிதாக்கினால் மட்டும், நுண்ணிய பிக்சல் கொண்ட படம் தன் மங்கலை முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். மங்கல் இரண்டிலும் ஏற்கெனவே இருந்ததுதான்.

சிறிய சென்சாரால் பின்னணியை மங்கலாக்க முடியவில்லை என்பதை ஒரு குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். 2016இல் ஐபோன் 7 ப்ளஸ் இரண்டு லென்ஸ்களால் தூரத்தைக் கணித்து, மங்கலைக் கணக்குப் போட்டு வரைந்தது. அதுதான் போர்ட்ரெய்ட் மோடு. கூந்தலில் சூடிய மல்லிகைச் சரத்தின் ஓரத்தை இந்தக் கணக்கு தவறாக வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

சிறிய சென்சாரின் இந்த இயல்பு எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் போன்ற காடுகளில் விலங்குகளைக் கணக்கெடுக்க மரத்தில் கட்டும் தானியங்கி கேமராக்களை நினைத்துப் பாருங்கள். சிறுத்தை 2 மீட்டரில் வருமா, 6 மீட்டரில் வருமா என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சிறுத்தையையும் அதன் உடல் புள்ளிகளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். சிறிய சென்சாரும் ஃபோகஸ் மாறாத லென்ஸும் தரும் அந்த ஆழம் இல்லையென்றால், பாதிப் படங்களில் புள்ளிகளே தெரியாது.

பிக்சல் கணக்கில் வரும் இடம் வேறு. 3 மீட்டர் உயர யானை 100 மீட்டரில் நின்றால், அந்தப் போனின் சென்சாரில் அதன் பிம்பம் 0.2 மி.மீ. உயரம். 48 மெகாபிக்சலில் எடுத்தால் அது சுமார் 170 பிக்சல். கொம்பன்தானா, குட்டியுடன் நிற்கும் தாயா என்று அறிய அதுவே போதும். திரையில் யானை சிறிதாகத் தெரிகிறதே என்றுதான் பலர் இன்னும் நாலடி முன்னால் போகிறார்கள். தெளிவுக்காக நீங்கள் கிட்டே போக வேண்டியதே இல்லை. அது முன்பே கிடைத்துவிட்டது. அஞ்செட்டி சாலையில் யானையைக் கண்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.