உலோக அணைவுகளின்வழி ஒற்றை ஆடிப்பிம்ப மூலக்கூறுகள்: ரோடியம் வினையூக்கத்தின் தேர்வுநெறி

முன்னுரை

வலக்கையும் இடக்கையும் போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத இரு ஆடிப்பிம்ப வடிவங்கள் பல கரிமச் சேர்மங்களுக்கு உண்டு. உருகுநிலை முதலிய பண்புகளில் அவை ஒத்திருப்பினும் உயிரினங்களின் உடலில் வேறுபட்டுச் செயற்படுகின்றன. பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாவது டோப்பாவின் எல்-வடிவமே. டி-வடிவத்தால் அப்பயன் இல்லை. சீர்மையற்ற காரணி ஏதுமில்லாத தொகுப்பில் இரண்டும் சம அளவில் உருவாவதால், விளைபொருளில் பாதி பயனற்றதாகிறது. தேவையான வடிவத்தை மட்டும் உலோக அணைவுகள் எவ்வாறு ஆக்குகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நோல்ஸின் வினையூக்கி

வில்கின்சனின் ரோடியம் அணைவு, கரைசலில் கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பை ஹைட்ரஜனேற்றம் செய்யவல்லது. அதன் டிரைபீனைல்பாஸ்பீன் ஈனிக்கு மாற்றாகச் சீர்மையற்ற பாஸ்பீனை வில்லியம் நோல்ஸ் 1968இல் பயன்படுத்தினார். ஒரு வடிவம் மற்றதை விஞ்சும் அளவு அப்போது 15% மட்டுமே. பின்னர் வந்த டைபேம்ப் ஈனி எல்-டோப்பாத் தொகுப்பில் அதனை 95% ஆக்கியது, அதாவது, 97.5 பங்குக்கு 2.5 பங்கு. 25° செல்சியசில் இவ்விகிதத்திற்கு இரு வினைவழிகளின் கிளர்வுக் கட்டிலா ஆற்றல்கள் மோலுக்கு ஏறத்தாழ 9 கிலோஜூல் வேறுபட்டாலே போதும்.

தேர்வு நிகழும் படி

வினைபடுபொருள் ரோடியத்துடன் இரு முகங்களில் எதன் வழியாகவும் பிணையலாம். எனவே இரு அணைவுகள் தோன்றுகின்றன. மிகுதியாக உள்ள நிலைத்த அணைவே முதன்மை விளைபொருளைத் தரும் என எண்ணுவது இயல்பு. ஜாக் ஹால்பெர்னின் ஆய்வுகள் இதற்கு மாறான முடிவைத் தந்தன. குறைவாக உள்ள அணைவு ஹைட்ரஜனுடன் பல நூறு மடங்கு விரைவாக வினைபுரிகிறது. முதன்மை விளைபொருள் அதிலிருந்தே பிறக்கிறது. அது செலவழியுந்தோறும் மிகுதியான அணைவு பிரிந்து, அதன் இடத்தை நிரப்புகிறது.

இதனால் ஒரு நடைமுறை விளைவும் உண்டு. வினையை விரைவுபடுத்த ஹைட்ரஜன் அழுத்தத்தை உயர்த்தினால், அணைவுகள் ஒன்று மற்றொன்றாக மாறுவதற்குள் இரண்டுமே ஹைட்ரஜனேற்றம் அடைகின்றன; தேர்வுத்திறன் குறைகிறது.

முடிவுரை

2001ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி, சீர்மையற்ற ஹைட்ரஜனேற்ற வினையூக்கத்திற்காக நோல்ஸுக்கும் ரியோஜி நோயோரிக்கும் வழங்கப்பட்டது. இவ்வகை வினைகளில் தேர்வைத் தீர்மானிப்பது அணைவின் நிலைப்புத்தன்மை அன்று, வினைவேகமே. ஆகவே, பிரித்தெடுத்துப் படிகமாக்க முடிந்த அணைவின் அமைப்பை மட்டும் கொண்டு விளைபொருளின் வடிவத்தைக் கணிப்பது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும்.