பெருங்காமநல்லூரும் நின்ஹைட்ரினும்

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. குற்றப்பரம்பரைச் சட்டப்படி ஊர் ஆண்கள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்ற உத்தரவுக்கு ஊர் பணியவில்லை. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மேற்கே, தேனி, கம்பம் பக்கத்துக் கள்ளர்களையும் 1947 வரை இந்தச் சட்டம் துரத்தியது. குற்றம் செய்தாரா என்று பாராமல் பிறப்பைப் பார்த்து ரேகை எடுத்த கொடுமை அது. குற்றத்தைத் துலக்குவது ஆவணக்கூடத்தில் குவிந்துகிடக்கும் ரேகைகளின் எண்ணிக்கை அல்ல, சம்பவ இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ரேகையை எவ்வளவு பக்குவமாக வெளிக்கொணர்கிறோம் என்பதே.

விரல் பட்ட இடத்தில் தங்குவது பெரும்பாலும் வியர்வை. அதிலுள்ள நீர் ஆவியானபின் உப்பும் அமினோ அமிலங்களும், முகத்தையோ தலைமுடியையோ தொட்ட விரலாக இருந்தால் எண்ணெய்ப் பசையும் எஞ்சும். போடியில் ஓர் ஏலக்காய்க் கடையின் கணக்கு நோட்டில் யாரோ எண்ணைத் திருத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தாளின் இழைகளில் அமினோ அமிலம் ஊறிப் பல ஆண்டு நிற்கும். நின்ஹைட்ரின் கரைசலைத் தடவி, சற்று ஈரமான வெப்பத்தில் வைத்தால் ரேகை ஊதா நிறத்தில் எழும். அதே நோட்டு மழையில் நனைந்திருந்தால் அமினோ அமிலம் கரைந்து போயிருக்கும். அப்போது நீரில் கரையாத கொழுப்பின்மேல் வெள்ளித் துகளைப் படியவைக்கும் கரைசல்தான் கைகொடுக்கும். இரண்டையும் செய்வதென்றால் நின்ஹைட்ரின்தான் முதலில்; மாற்றிச் செய்தால் அமினோ அமிலம் கழுவப்பட்டுவிடும், திரும்பக் கிடைக்காது. ஆடிச் சாரலில் நனைந்த பைக்கின் பெட்ரோல் டேங்கில் உலர்தூளைத் தூவினால் கட்டிதட்டி ரேகையே அழியும். அதற்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு நுண்துகள்களை நீரில் கலந்து தெளிக்கிறார்கள். துகள்கள் கொழுப்பில் மட்டும் ஒட்டும். பிளாஸ்டிக் பைக்கு சூப்பர் குளூவின் ஆவி போதும், ரேகை மேடுகளின்மேல் வெள்ளையாக உறைந்துவிடும்.

ஒப்பிட ஆவணம் இல்லாவிட்டால் வெளிக்கொணர்ந்த ரேகையால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1897இல் ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொல்லப்பட்டபோது, பஞ்சாங்கத்தில் இருந்த ரத்தக்கறை ரேகை, முன்பு திருட்டில் தண்டனை பெற்ற ஒருவரின் பதிவோடு பொருந்தியது. பதிவு உதவியது உண்மை. ஆனால் அது தனியொருவர் செய்த குற்றத்துக்காக எடுத்த பதிவு, ஒரு சாதியின்மீது விரித்த வலை அல்ல. நீதிமன்றமும் திருட்டுக்கு மட்டுமே தண்டித்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தொட்டதை ரேகை காட்டும், கொன்றதைக் காட்டாது என்ற அந்தத் தெளிவு இன்றைக்கும் நமக்கு வேண்டும்.

ஆவணம் பெருத்தால் ஆபத்தும் பெருகும். கோடிக்கணக்கான ரேகைகளுக்குள் தேடினால், ஏறத்தாழ ஒத்திருக்கும் அந்நியர் ஒருவரும் அகப்படுவார். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், டெட்டனேட்டர் இருந்த பையில் கிடைத்த ரேகையை அமெரிக்க எஃப்.பி.ஐ. ஓரிகன் வழக்கறிஞர் ஒருவருடையது என்று உறுதியாகச் சொல்லிக் கைதுசெய்தது. பின்னர் ஸ்பெயின் போலீஸ் அது அல்ஜீரியர் ஒருவருடையது என்று கண்டுபிடித்தது. இந்தியாவிலும் 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் ரேகை உள்ளிட்ட அளவுகளை 75 ஆண்டு வைத்திருக்க வழிசெய்கிறது. அப்படியானால் நிபுணர் சாட்சி சொல்லும்போது, ரேகை எந்தப் பரப்பில் இருந்தது, எந்த முறை எந்த வரிசையில் கையாளப்பட்டது, ஒவ்வொரு படிக்கு முன்னும் புகைப்படம் உண்டா, முதல் முடிவை அறியாத இன்னொரு நிபுணர் ஒப்பிட்டாரா என்பதையெல்லாம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்க வேண்டும். நீதிமன்றமும் பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.