முத்துக்குளித்துறையில் மதமும் அரசும்

அரசு மதத்திலிருந்து ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது மதச்சார்பின்மைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கணம். தூத்துக்குடிக் கடற்கரையில் அப்படி ஒதுங்கி நின்ற அரசு எதையும் காண்பது அரிது. முத்துப்பார்களின் வருமானம், கோயில் சொத்து, தேர் மரியாதை, சாதிச் சான்றிதழ் என்று ஏதாவது ஒன்றின் பேரில் இரண்டும் எப்போதும் உறவாடியே வந்திருக்கின்றன. கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வி இங்கே பிற்பாடு வந்தது. கடவுளின் பெயரால் உள்ள சொத்துக்கும் உரிமைக்கும் கணக்குக் கேட்பது யார் என்ற கேள்வியோ ஐந்நூறு ஆண்டுப் பழையது.

1530களில் முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாக இந்தக் கரையின் கடலோடிச் சமூகமான பரதவர்களுக்கும் காயல் பகுதி முஸ்லிம் வணிகர்களுக்கும் பகை முற்றியது. ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வணிகரின் யோசனைப்படி பரதவத் தலைவர்கள் கொச்சியிலிருந்த போர்த்துகீசியரிடம் தூது போனார்கள். கப்பற்படைக் காவல் கிடைத்தது. அதற்கு ஈடாக 1536-37இல் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். இது அரசியல் உடன்படிக்கைதான் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 1542இல் வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார் கண்டது, பெயரளவில் மட்டுமே கிறிஸ்தவர்களான ஒரு மக்களை. அவர்களுக்கு மறைக்கல்வி சொல்லித்தர உபதேசியார்களை அமர்த்தினார். அவர்களின் சம்பளத்துக்கு அவர் கைவைத்த இடம் சுவையானது. இந்தக் கரையின் வரியிலிருந்து போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தொகையை உபதேசியார்களுக்கு விட்டுக்கொடுக்கும்படி அரசிக்கே எழுதிப் பெற்றுக்கொண்டார்.

1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் புராட்டஸ்டண்டுகள். பால்டேயஸ் என்ற போதகர் பரதவர்களைத் தம் சபைக்குத் திருப்பப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. ஆளுவோர் மதத்தை ஏற்றுக் காவல் பெற்ற அதே சமூகம், ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் ஆளுவோரே மாறியபோது பழைய மதத்தை விடவில்லை. மாதா கோயிலும் சாதித் தலைவரின் மரியாதையும் அதற்குள் ஒன்றோடொன்று பின்னிப்போயிருந்தன. முத்துக்குளிக்க ஆள் வேண்டிய டச்சுக் கம்பெனி போகப்போகக் கண்டும் காணாமல் இருந்தது. பனிமய மாதாவின் தங்கத்தேரை 1806இல் செய்து கொடுத்தவரும் ஒரு சாதித் தலைவர்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்குளிப்பு அரசின் ஏகபோகம். ஆனால் கடல்கட்டி வந்து மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டாமல் குளியாட்கள் கடலில் இறங்கமாட்டார்கள். கடல்கட்டிக்கு அரசே ஊதியம் கொடுத்து வந்ததையும் பின்னர் நிறுத்தியதையும் அக்கால நூல்கள் குறிக்கின்றன. இலங்கைப் பக்கத்து முத்துக்குளிப்பைப் பற்றி 1859இல் எழுதிய எமர்சன் டென்னன்ட், அப்போது அந்தப் பரம்பரைப் பதவியில் இருந்தவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்கிறார். மந்திரம் பலிப்பதற்கும் கட்டுபவரின் மதத்துக்கும் தொடர்பு உண்டென்று குளியாட்கள் யாரும் நினைக்கவில்லையாம். கிறிஸ்தவ அரசின் கருவூலத்திலிருந்து சுறா மந்திரத்துக்குச் சம்பளம் போனதைப் பகுத்தறிவாளரும் சிரிக்கலாம், பாதிரியாரும் சிரிக்கலாம். சம்பளம் கொடுத்த அதிகாரிக்கு வேண்டியிருந்தது வருமானம் மட்டுமே.

கோயில்களிலும் நிலைமை இதுவே. 1817ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணக் கோயில் சொத்துகளின் மேற்பார்வையைக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு எடுத்துக்கொண்டது. கிறிஸ்தவ அரசு விக்கிரக வழிபாட்டைப் பேணலாமா என்று இங்கிலாந்தில் மிஷனரிகள் கூச்சல் போட்டார்கள். ஆக, இந்தியாவில் அரசு மதத்திலிருந்து விலக வேண்டும் என்று முதலில் உரக்கக் கேட்டவர்களில் பக்தர்களே முன்னின்றார்கள். படிப்படியாக விலகல் நடந்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அதை முடித்துவைத்தது. கோயில்கள் உள்ளூர்க் குழுக்களின் கைக்குப் போயின. நிலங்கள் காணாமல் போவதாகவும் வருமானத்துக்குக் கணக்கில்லை என்றும் புகார்கள் குவிந்தன.

அந்தப் புகார்களுக்கு விடையாக வந்தது நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசர் கொண்டுவந்த இந்து அறநிலையச் சட்டம். அது நடைமுறைக்கு வந்த 1925ஆம் ஆண்டில்தான் பெரியாரின் ‘குடி அரசு’ இதழும் தொடங்கியது. பிற்காலத்தில் தமிழ்நாட்டு விவாதத்தை நடத்திய இரு போக்குகள் இவை: ஒன்று கோயில் கணக்கைக் கேட்டது, மற்றொன்று கோயிலே எதற்கு என்று கேட்டது. இரண்டுக்கும் இடையில் நின்றவர்களும் உண்டு. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நடத்திய வ.உ. சிதம்பரம் பிள்ளை, பெரியாரின் நண்பர். ஆனால் சிவஞானபோதத்துக்கு உரை எழுதி 1935இல் வெளியிட்ட சைவர்.

1967இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கியது. அரசு அலுவலகங்களிலிருந்து கடவுள் படங்களை அகற்ற 1968இல் ஆணையிட்டது. கோயில்களை நிர்வகிக்கும் அறநிலையத்துறையை மட்டும் கலைக்கவில்லை. கடவுள் மறுப்பாளர்களின் ஆட்சியில் கோயில் நிர்வாகம் என்ற இந்த முரண், திருச்செந்தூர் முருகன் கோயிலில் வேறு எங்கும் காணாத உருவம் எடுத்தது. 1980 நவம்பரில் அங்கே உண்டியல் எண்ணும் பணிக்கு வந்த அறநிலையத்துறைச் சரிபார்ப்பு அதிகாரி ஒருவர் இறந்து கிடந்தார். தற்கொலையா கொலையா என்ற கேள்வியோடு, முருகனின் வைரவேல் காணாமல் போனது பற்றிய குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. அப்போது ஆட்சியிலிருந்த எம்.ஜி.ஆர். அரசு நீதிபதி பால் ஆணையத்தை அமைத்தது. அதன் அறிக்கையை அரசு வெளியிடாமல் வைத்திருக்க, எதிர்க்கட்சித் தலைவரான தி.மு.க.வின் கருணாநிதி வெளியிட்டார். பின்பு 1982 பிப்ரவரியில் ‘நீதி கேட்டு நெடும்பயணம்’ என்று மதுரையிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தே போனார். வேலுக்கு நியாயம் கேட்டுப் பாதயாத்திரை போனவர் நாத்திகர் என்பதைக் கேலி செய்தவர்கள் உண்டு. அவர் கேட்டது அதிகாரியின் சாவுக்கும் கோயில் சொத்துக்கும் கணக்கு. அதைக் கேட்கக் கடவுள் நம்பிக்கை தேவையில்லை என்பதே அவர் தரப்பின் பதில்; அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது.

அறநிலையத்துறையை எதிர்ப்பவர்களின் வாதமும் எளிதில் தள்ளிவிடக் கூடியது இல்லை. இந்துக் கோயில்களுக்கு மட்டும் அரசு அதிகாரி ஏன் என்று அவர்கள் கேட்கிறார்கள். மன்னர்களும் மக்களும் விட்ட பொதுச் சொத்துக்குத் தணிக்கை வேண்டும், கோயில் நுழைவும் அனைத்துச் சாதி அர்ச்சகர் நியமனமும் அரசு தலையிடாமல் நடந்திருக்காது என்கிறது மறுதரப்பு. அரசியலமைப்பின் 25, 26ஆம் பிரிவுகள் வழிபாட்டு உரிமையைத் தந்துவிட்டு, மதம் சார்ந்த பொருளாதார நடவடிக்கைகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசுக்கும் தருகின்றன. 1954இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது: மதத்தின் இன்றியமையாத வழக்கங்களில் அரசு கைவைக்கக் கூடாது, சொத்து நிர்வாகத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம்.

கோடு காகிதத்தில் தெளிவாக இருக்கிறது, நடைமுறையில் அப்படியில்லை. 2025இல் திருச்செந்தூர்க் குடமுழுக்குக்கு எந்த நேரம் நல்ல நேரம் என்ற சச்சரவு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. கோயிலில் நாள் குறிக்கும் விதாயகர்த்தா சொன்ன நேரம் ஒன்று, மற்றவர்கள் சொன்ன நேரம் வேறு. நீதிமன்றம் வல்லுநர் குழு அமைத்தது. அந்தக் குழு குறித்தபடி ஜூலை 7 காலையில் குடமுழுக்கு நடந்தது. முகூர்த்தம் இன்றியமையாத வழக்கமா, நிர்வாகமா என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

தேவாலயங்களும் அரசின் கண்ணுக்கு முழுக்க அப்பாற்பட்டவை அல்ல. தென்னிந்தியத் திருச்சபையின் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலத்தில் தேர்தல் தகராறு முற்றியபோது, நிர்வாகத்தை ஓய்வுபெற்ற நீதிபதியிடம் உயர் நீதிமன்றம் ஒப்படைத்தது. வக்பு சொத்துகளுக்குச் சட்டப்படி அமைந்த வாரியம் இருக்கிறது. இருந்தாலும் கோயில்களுக்கு உள்ளது போல நிரந்தரமான ஒரு துறை தேவாலயங்களுக்கு இல்லை. மற்றொரு பக்கம், பனிமய மாதா திருவிழா நாளான ஆகஸ்ட் 5 அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. திருச்செந்தூர் வைகாசி விசாகத்துக்கும் விடுமுறை உண்டு. மக்களில் யாரும் இதை மதச்சார்பின்மைக்கு விரோதம் என்று சொல்லிக் கேட்பதில்லை.

வாழ்க்கையை நேரடியாகத் தொடும் இடம் சான்றிதழ். தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பரவர் என்ற பெயரில் பரதவர் சமூகம் கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களையும் சேர்த்தே இடம்பெற்றிருக்கிறது. மாதா கோயிலுக்குப் போகும் தூத்துக்குடிப் பரதவருக்கு மதத்தால் இடஒதுக்கீட்டில் இழப்பு ஏதும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் அதே சமூகம் பட்டியல் சாதி. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. ஆகவே அங்கே கிறிஸ்தவராகும் பரவர் அந்தத் தகுதியை இழக்கிறார். இந்த ஆணையை எதிர்க்கும் வழக்குகள் பல ஆண்டுகளாக உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளன. மதம் மாறியவர்களின் நிலையை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு 2022இல் ஆணையம் அமைத்தது.