தொழுவத்துக் காற்றும் வீசிங்கும்

கொட்டாம்பட்டிப் பக்கம் அம்மாச்சிகள் மகள்களிடம் சொல்லும் குறை ஒன்று உண்டு: "மண்ணுல புரண்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒண்ணும் வராது. நீ மதுரையில டைல்ஸ் வீட்டுக்குள்ளயே வச்சு வளர்த்தே, இப்ப வீசிங்குன்னு பஃப்பும் கையுமா அலையுறே." இதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

நம் உடலின் நோய் எதிர்ப்பில், குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை விரட்டவென்றே ஒரு படை இருக்கிறது. ஐ.ஜி.இ என்ற எதிர்ப்புப் புரதமும், ஈசினோஃபில் என்ற வெள்ளையணுவும் அதில் முக்கியமானவை. சளியைச் சுரந்து, குழாய்களைச் சுருக்கி, வந்ததை வெளியே தள்ளுவது அதன் வேலை. ஒவ்வாமை ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இந்தப் படை ஆள் மாறி அடிக்கிறது. மெத்தையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் கழிவு, கரப்பான் தூசி, மகரந்தம் என எதுவும் செய்யாதவற்றைப் பார்த்தே மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். இரவில் நெஞ்சுக்குள் கேட்கும் அந்த விசில் சத்தம் அதனால் வருவது.

எதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று இந்தப் படைக்குக் கற்றுத்தருவதில் கிருமிகளுக்குப் பங்கு உண்டு. இதற்கு நல்ல சான்று அமெரிக்காவிலிருந்து 2016-ல் வந்தது. ஆமிஷ், ஹட்டரைட் என இரண்டு விவசாயச் சமூகங்கள். இரண்டுமே ஐரோப்பாவிலிருந்து குடியேறியவை, மரபணுவிலும் நெருங்கியவை, சாப்பாடும் குடும்ப அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா சுமார் 5 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21 சதவீதம். வித்தியாசம் மாட்டில் இருந்தது. ஆமிஷ் வீட்டை ஒட்டியே தொழுவம். பிள்ளைகள் சிறுவயதிலிருந்தே அங்கே பழகும். ஹட்டரைட்களின் பண்ணை எந்திரமயமானது, வீட்டிலிருந்து தள்ளி இருப்பது. ஆமிஷ் வீட்டுத் தூசியில் எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்கு, கிட்டத்தட்ட 7 மடங்கு அதிகம். அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் இட்டபோது அவற்றுக்கு ஆஸ்துமா போன்ற அழற்சி அடங்கியது. ஹட்டரைட் தூசியால் அப்படி நடக்கவில்லை.

ஏன் என்பதற்கு பெல்ஜியத்தின் கெண்ட் நகர ஆய்வாளர்கள் 2015-லேயே ஒரு பதில் தந்திருந்தார்கள். பாக்டீரியாத் துணுக்கு சிறிது சிறிதாகத் தொடர்ந்து படும்போது, மூச்சுக்குழலின் உட்சுவர்ச் செல்கள் ஏ20 என்ற நொதியைத் தமக்குள் அதிகம் உருவாக்குகின்றன. அது அபாயச் சங்கை ஊதவிடாமல் பிடித்துக்கொள்ளும். உண்ணித் தூசி வந்தாலும் சுவர் பதறாது.

ஆக, அம்மாச்சி சொன்ன மண்ணைவிட, அவர் வீட்டுக் கட்டுத்தரைக்குத்தான் பெருமை சேர வேண்டும். அதிலும் காலம் முக்கியம். ஆல்ப்ஸ் மலைப் பண்ணைகளில் நடந்த ஆய்வுகளில், பிறந்து ஓராண்டுக்குள் தொழுவத்தோடு பழகிய பிள்ளைகளுக்கே பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஏழு வயதில் முழுப்பரீட்சை லீவுக்கு மட்டும் வந்துபோனால் அந்தப் பயிற்சி கிடைத்துவிடாது.

எல்லாக் கிருமியும் வாத்தியார் இல்லை. சாதாரண ஜலதோஷ வைரஸே பல பிள்ளைகளுக்கு வீசிங்கைக் கிளப்பிவிடும். அடைமழை மாதங்களில் பெற்றோருக்கு இது நன்றாகத் தெரியும். இன்னொரு கதை நம் ஊர்ப் பக்கத்தது. 1940-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில், ஃப்ரிமோட்-மோலர், பார்ட்டன் என்ற மருத்துவர்கள் காசநோய் போலத் தோன்றியும் காசநோய் அல்லாத ஒரு நோயை எழுதிவைத்தார்கள். நோயாளிகளின் ரத்தத்தில் ஈசினோஃபில் மலைபோல் ஏறியிருந்தது. யானைக்கால் புழுவின் குஞ்சுகளை நுரையீரலில் அந்தப் படை வெறியோடு தாக்குவதால் வருவது அது என்று பின்னால் தெளிவானது. இருமலும் இளைப்பும் ராத்திரியில்தான் கூடும். இன்றும் ஆஸ்துமா என்று நினைத்து ஏமாற இடமுண்டு, மருந்தோ வேறு. செய்ய வேண்டிய வேலையையே அதே படை அளவு மீறிச் செய்தாலும் ஆபத்துதான்.

கிராமத்துக் காற்றில் கிருமி மட்டுமா இருக்கிறது? விறகடுப்புப் புகை, தென்னை நார்த்தூள், கல் உடைக்கும் தூசி எல்லாம் மூச்சுக்குழலை அரிக்கிறவை. இவற்றில் பாடம் ஏதும் இல்லை.

ஏற்கெனவே வீசிங் உள்ள பிள்ளையைப் பொங்கலுக்கு ஊருக்குக் கூட்டிவந்தால், மாட்டைத் தொட்டு விளையாடட்டும். இன்ஹேலரும் ஸ்பேசரும் பையிலேயே இருக்கட்டும், டாக்டர் சொன்ன வேளைக்கு மருந்து தவறாமல் உள்ளே போகட்டும். வைக்கோல் உதறும் நேரத்தில் மட்டும் திண்ணைப் பக்கம் அழைத்துக்கொள்ளுங்கள்.